மணி அடிக்கிறது, மோடம் எடுக்க மாட்டேன் என்கிறது

சத்துவாச்சாரிக்காரன்: குடியாத்தம் கடையில் ஒரு பழைய டயல்-அப் மோடம் (போன் லைன் வழியாகக் கணினிகளை இணைக்கும் பெட்டி) வைத்திருக்கிறேன், வீட்டிலிருந்து இன்னொரு மோடம் மூலம் கூப்பிட்டால் அங்கே திரையில் 'ரிங்', 'ரிங்' என்று வந்துகொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. கேபிள் மாற்றியாச்சு. என்ன செய்யலாம்?

காட்பாடி ஜங்ஷன்: எஸ்0 ரெஜிஸ்டரைப் பாருங்கள், எத்தனையாவது மணிக்கு எடுப்பது என்று மோடம் குறித்து வைத்திருக்கும் எண் அது. அது 0 என்றால் தானாக எடுக்காது. கணினியிலிருந்து மோடத்துக்கு ஏடிஎஸ்0=2 என்று கட்டளை கொடுத்தால் இரண்டாவது மணிக்கு எடுக்கும், அப்புறம் ஏடி&டபிள்யூ கொடுத்துச் சேமித்துவிடுங்கள், இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் மறுபடி பழைய கதைதான். கையால் எடுக்க ஏடிஏ.

சத்துவாச்சாரிக்காரன்: எடுத்துவிட்டது! ரொம்ப நன்றி. ஆனால் கீ... என்று கத்திவிட்டு, கொஞ்ச நேரத்தில் 'நோ கேரியர்' என்று வந்து இணைப்பு அறுந்துவிடுகிறது.

பழைய லைன்மேன்: அந்தக் கீ சத்தம்தான் பதில் ஒலி, 2100 ஹெர்ட்ஸ், சுமார் 3 விநாடி வரும். 'இங்கே இருப்பது மோடம்' என்று கூப்பிட்டவருக்குச் சொல்வதோடு, அதில் 450 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கட்டம் (ஃபேஸ், அதாவது அலையின் ஏற்ற இறக்கம்) தலைகீழாகப் புரளும்போது, பேச்சில் எதிரொலி கேட்காமலிருக்க லைன் வழியில் வைத்திருக்கும் எதிரொலி நீக்கிகளும் ஒதுங்கிக்கொள்ளும். பிறகு கரகரவென்று கேட்பது, இரண்டு மோடமும் லைனை அளந்து வேகம் பேசி முடிப்பது. உங்களுக்கு அங்கேதான் அறுகிறது. கடை லைன் செம்புக் கம்பியா, ஃபைபரா? ஃபைபர் என்றால் குரல் பொட்டலமாக உடைந்து போகும், மோடத்துக்கு அது ஆகாது. வேகத்தை விநாடிக்கு 33.6 கிலோபிட்டிலிருந்து 9600 பிட்டுக்கு இறக்கிப் பாருங்கள்.

சத்துவாச்சாரிக்காரன்: போன வருஷம்தான் ஃபைபர் போட்டார்கள். 9600-இல் நின்றுவிட்டது, பத்து நிமிஷமாக அறுபடவில்லை!