தாய்லாந்தில் இயந்திரம் நிறுவச் செல்பவர் விசா விலக்கில் நுழையலாமா?

கேள்வி

வணக்கம். சென்னையை அடுத்த ஒரு தொழிற்சாலையில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். தாய்லாந்தின் சோன்புரி மாகாணத்தில் உள்ள வாடிக்கையாளரின் ஆலையில் பிரஸ் இயந்திரம் ஒன்றை நிறுவி ஓட்டிக் காட்டுவதற்காக, என்னை 10 நாட்களுக்கு அனுப்பவிருக்கிறார்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றும், விமான நிலையத்தில் கேட்டால் சுற்றுலா என்று சொன்னால் போதும் என்றும் எங்கள் பயண ஏற்பாட்டுப் பிரிவினர் கூறுகின்றனர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும், டார்க் ரெஞ்சுகளும் லேசர் அளவுக் கருவியும் அடங்கிய பெட்டியைச் சுங்கத்தில் எவ்வாறு காட்டுவது?

மறுமொழி 1

சுற்றுலா என்று சொல்லாதீர்கள். 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 60 நாள் விசா விலக்கு, சுற்றுலாவுடன் குறுகிய கால வணிகப் பயணத்தையும் உள்ளடக்கியதுதான் (இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை; புறப்படுமுன் தூதரக இணையதளத்தைப் பாருங்கள்). ஆனால் நாட்டுக்குள் நுழைய அனுமதி வேறு, அங்கே வேலை செய்ய அனுமதி வேறு. அவ்வப்போது வந்து கூட்டத்திலோ கருத்தரங்கிலோ கலந்துகொள்வது, ஆலையைப் பார்வையிடுவது போன்றவற்றுக்கு, 2018இல் திருத்தப்பட்ட வெளிநாட்டவர் பணி மேலாண்மை அவசரச் சட்டம் விலக்களிக்கிறது. நீங்களோ கருவியைக் கையில் எடுத்து இயந்திரத்தைப் பொருத்தப்போகிறீர்கள். ஊதியம் இந்தியாவில் கிடைக்கிறது என்பதாலோ நாட்கள் குறைவு என்பதாலோ அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

அச்சட்டத்தின் 61ஆம் பிரிவு, 15 நாட்களுக்குள் முடிய வேண்டிய அவசர, அவசியப் பணியை, அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறையின் பதிவாளருக்கு அறிவித்துவிட்டுச் செய்ய இடமளிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரெனப் பழுதாகி உற்பத்தி நின்றுவிட்டால் இப்பிரிவு பொருந்தும். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் நிறுவலை அவசரம் என்று நிலைநாட்டுவது கடினம். அனுமதியின்றி வேலை செய்பவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடு கடத்தலும் உண்டு. பயண ஏற்பாட்டுப் பிரிவினர் அங்கே வந்து நிற்கப்போவதில்லை.

மறுமொழி 2

கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொந்தப் பயன்பாட்டுக்கோ தொழிலுக்கோ கொண்டுசெல்லும் பொருள்களின் மதிப்பு 20,000 பாட்டுக்கு மேற்பட்டால் சிவப்பு வழியில் சென்று அறிவிக்க வேண்டும்; லேசர் கருவி ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். திரும்பக் கொண்டுவரும் கருவிகளுக்கென்றே உள்ள ஏடிஏ கார்னெட் என்னும் ஆவணத்தை இந்தியாவில் தொழில் வணிக அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது. புறப்படும்போதே சென்னைச் சுங்கத்தில் அதில் முத்திரை பெற வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். லித்தியம் மின்கலங்களைத் தனியே கழற்றினால் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒப்பந்தத்தில் நிறுவும் தேதி முன்பே குறிக்கப்பட்டிருப்பதால் அவசரப் பணி என்று எழுத வழியில்லை. வாடிக்கையாளர் தரப்பில் என்ன கேட்க வேண்டும்?

மறுமொழி 1

வணிகத்துக்கும் வேலைக்கும் தரப்படும் நான்-இமிகிரன்ட் பி விசாவுக்கு உரிய அழைப்புக் கடிதத்தையும் நிறுவனப் பதிவு ஆவணங்களையும் கேளுங்கள். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அவர்களே என்பதால், அந்த விண்ணப்ப ஏற்பாட்டையும் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். விசா விண்ணப்பத்தைத் தாய்லாந்தின் மின்-விசா தளத்தில் நீங்களே அளிக்கலாம். பயணத் தேதியை ஆவணங்கள் கைக்கு வந்தபின் முடிவுசெய்வது நல்லது.

மறுமொழி 3

ஒன்று விடுபட்டுவிட்டது. 2025 மே 1 முதல், எந்த விசாவில் வந்தாலும், வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் இதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது இடைத்தரகருடையது. பயண நோக்கம் விசாவில் உள்ளதோடு ஒத்திருக்கட்டும்.

சுவர்ணபூமி விமான நிலையம் பாங்காக்கிற்குக் கிழக்கே, சமுத் பிராகான் மாகாணத்தில் இருப்பதால், சோன்புரி செல்ல நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. 7ஆம் எண் விரைவுச்சாலை நேரே கொண்டுசேர்க்கும். டாக்சியில் மீட்டர் கட்டணத்துடன் விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50 பாட்டும் சுங்கச்சாவடிக் கட்டணமும் சேரும். வெளியூர்ப் பயணமென்றால் ஓட்டுநர்கள் பேரம் பேசத் தொடங்கிவிடுவார்கள். பெட்டியின் எடையையும் கருதி, ஆலையிலிருந்தே வண்டி அனுப்பச் சொல்லுங்கள்.