புதுப்பிப்பு: ஜீப்பில் ஃபாக் லேம்ப், ரிலே மாட்டியாச்சு

கோத்தகிரி மூடுபனிக்கு ஃபாக் லேம்ப் போட எந்த ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) வாங்கலாம் என்று கேட்டிருந்தேனே, வேலை முடிந்தது. நாலு பின், 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே தாராளம். 55 வாட் பல்பு இரண்டுக்கு ஒன்பது ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரியை ஒட்டியே போட்டு அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட பின்னுக்கு வயர். 87 எண் பின் லேம்புக்கு, 85 எர்த். 86-க்குப் பார்க்கிங் லைட் வயரிலிருந்து சுவிட்ச் வழியாக எடுத்தேன். பார்க்கிங் லைட்டை அணைத்தால் இதுவும் அணையும், மறந்துபோய் பேட்டரி இறங்காது.

ஐந்து பின்தான் கிடைத்தால் வாங்குங்கள், அந்த ஐந்தாவது பின்னான 87ஏ-வை மட்டும் சும்மா விடுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதுதான் அதில் கரண்ட் வரும்.

முக்கியமாக, பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு சாக்கெட்டில் தண்ணீர் நின்றால் பச்சை பூத்துவிடும். குன்னூர் வரை ராத்திரி ஓட்டிப் பார்த்தேன், வயரில் சூடே இல்லை.