கற்பித்தலும் பொது சுகாதாரமும் சேர்ந்த ஃபெலோஷிப்: போகலாமா?

மாத்திரைப்பெட்டி:
ஃபார்ம்டி (மருந்தாளுநர் பட்டப் படிப்பு) கடைசி வருடம். வார்டு வேலை பிடிக்கும்தான், ஆனால் ஜூனியர்களை உட்கார வைத்து ஒரு மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது வருகிற உற்சாகம் அதில் வருவதில்லை. இன்னொன்று, ஒரே ஆள் அதே ரத்த அழுத்தத்தோடு மூன்றாவது முறை அட்மிட் ஆகிறார், நாம் மூன்றாவது முறையும் டோஸைச் சரிபார்த்து அனுப்புகிறோம். வெளியே போய் என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இப்போது 2 வருட ஃபெலோஷிப் ஒன்று கண்ணில் பட்டது: கல்லூரியில் கற்பித்தல், கூடவே எம்பிஎச், அதாவது பொது சுகாதார முதுகலைப் படிப்பு. நண்பர்கள் எல்லாரும் ரெசிடென்சி போ, ஃபெலோஷிப் வேஸ்ட் என்கிறார்கள். உண்மையா?

கல்வம்:
வேஸ்ட் இல்லை, வேறு பாதை. அமெரிக்க முறையை வைத்துச் சொல்கிறேன், மற்ற இடங்களில் இந்தப் பெயர்களையே வேறு அர்த்தத்தில் வைத்திருப்பார்கள். ரெசிடென்சி என்றால் நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி. முதல் வருடம் பிஜிஒய்1, அதற்கு மேல் ஒரு துறையைப் பிடித்துப் படித்தால் பிஜிஒய்2. இவற்றுக்கு ஏஎஸ்எச்பி என்கிற அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் அங்கீகாரம் தருகிறது. ஃபெலோஷிப்புக்கு அந்த அங்கீகாரம் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி வடிவமைக்கும், அதனால்தான் ஒன்று பிரமாதமாகவும் அடுத்தது வெறும் பெயராகவும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு பாடமும் எடுக்கிற ஆசிரியர் வேலைதான் குறி என்றால், பல கல்லூரிகள் ரெசிடென்சியைத்தான் முதலில் கேட்கும். ஆராய்ச்சி, பாடத்திட்டம், சுகாதாரத் துறை என்று போகிறவர்களுக்கு ஃபெலோஷிப் பொருந்தும். இரண்டிலுமே சம்பளம் முழுநேர மருந்தாளுநர் வாங்குவதைவிடக் குறைவு.

பழையசீட்டு:
நான் இப்படி ஒன்று முடித்தவன், கொஞ்சம் புலம்பிவிட்டுச் சொல்கிறேன். என்னுடையது 1 வருடம். ஆய்வுக்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி கைக்கு வரவே 5 மாதம் ஓடிவிட்டது, அதற்குள் ஒரு பேராசிரியர் விடுப்பில் போக, அவருடைய ஆய்வகப் பேட்ச் முழுக்க என் தலையில். விடைத்தாள் திருத்தியே வருடம் போய்விட்டது, ஆய்வு பாதியில் நின்றது. அதனால் நேர்காணலில் வெட்கப்படாமல் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் எனக்கே எனக்கு, வழிகாட்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை உட்காருவார், போன வருடம் முடித்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? முடித்தவரிடம் பேச விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

ஆனாலும் ஒரு விஷயம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு எந்த ஆன்டிபயாடிக் ஐஎன்ஆரை (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏற்றும் என்று நான்கு விடைகளோடு ஒரு கேள்வி எழுதினேன், விடை மெட்ரோனிடசோல். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியாக யார் சரி, யார் தப்பு என்று அலசச் சொன்னார் வழிகாட்டி. வகுப்பில் முதல் வரிசை மதிப்பெண்காரர்களில் பாதிப் பேர் அதைத் தவற விட்டிருந்தார்கள், சுமாரானவர்கள் சரியாகப் போட்டிருந்தார்கள். பார்த்தால் மற்ற மூன்றில் ஒன்றாக கோட்ரைமாக்சசோலைப் போட்டு வைத்திருக்கிறேன், அதுவும் ஏற்றும்! நன்றாகப் படித்தவன்தான் அதில் குழம்புவான். தப்பு மாணவனிடம் இல்லை, கேள்வியில். பாடம் தெரிந்தால் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தெருமுனை:
பொது சுகாதாரப் பக்கம் பற்றி யாரும் பேசவில்லையே. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்கள் போகும் முடிதிருத்தும் கடைகளில் நடந்த ஆய்வை எடுத்துப் படியுங்கள், 2018-இல் வந்தது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 319 பேர். ஒரு பிரிவினருக்கு, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி மருந்தாளுநரே கடைக்கு வந்து மருந்து எழுதி, டோஸையும் மாற்றினார். மற்றவர்களுக்கு முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொன்னதோடு சரி. 6 மாதத்தில் மேல் அளவு முதல் பிரிவில் சராசரியாக 27 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 9 சொச்சம். மருந்து ஒன்றும் புதிது இல்லை, ஆள் வழக்கமாக வந்து உட்காரும் இடத்துக்கு மருந்தாளுநர் போனார், அவ்வளவுதான். மூன்றாவது முறை அட்மிட் ஆனவர் என்று எழுதியிருந்தீர்களே, அவரைப் பற்றிய கேள்வி இது. யார் மறுபடி மருந்து வாங்க வரவில்லை, ஏன் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கவும், அதற்கு ஒரு திட்டம் போட்டு பலன் இருந்ததா என்று அளக்கவும் எபிடெமியாலஜியும் (நோய் மக்களிடையே யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராயும் துறை) புள்ளியியலும் வேண்டும். ஃபார்ம்டியில் அது தொட்டும் தொடாமலும்தான் வருகிறது.

மாத்திரைப்பெட்டி:
எல்லாருக்கும் நன்றி. பழையசீட்டு அண்ணா சொன்ன மூன்று கேள்விகளையும் எழுதி வைத்துக்கொண்டேன். எம்பிஎச் கட்டணத்தை அவர்களே கட்டுகிறார்களா, அதில் தெளிவு இல்லை.

கல்வம்:
அதை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், கடிதத்தில் வரட்டும். வகுப்பு நேரம் வேலை நேரத்தில் சேருமா, இல்லை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படிக்க வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டாவதைக் கேட்க மறந்துவிட்டு, டிசம்பருக்குள் படிப்பையே விட்டுவிட்டார்.