மகளைக் கணினித் துறைக்கு அனுப்பலாமா? திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாயின் கேள்வி

உவர்மலைத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகள் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில், பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி நல்லபடியாக வந்து சித்தியடைந்திருக்கிறாள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பத்தில் எந்தக் கற்கைநெறியை முதலில் இடுவது என்பதில் இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் இணக்கம் ஏற்படவில்லை. மகள் கணினி விஞ்ஞானத்தைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. என் கணவரின் உடன்பிறந்தோரோ, பெண்பிள்ளைக்கு ஆசிரியர் நியமனமே பாதுகாப்பு என்றும், கணினி வேலை என்றால் கொழும்பில் தனியே இருந்து இரவிரவாகக் கண்விழிக்க வேண்டிவரும் என்றும் சொல்கிறார்கள். அவளுக்கு வீடு கட்டுவதற்கென்று நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மடிக்கணினியும் கொழும்புத் தங்குமிடமும் என்று செலவழித்தால், நாளை கலியாணம் பேசும்போது எதைக் காட்டுவது என்று மாமியார் கேட்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேசுவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மகளின் ஆசையைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அறியாமல் ஒரு வழியைக் காட்டிவிட்டுப் பின்னர் அவள் துன்பப்படுவதைப் பார்க்கவும் முடியாது. இத்துறையில் ஒரு பெண் நிலைத்து நிற்க முடியுமா? கடைசிவரை கொழும்பில்தான் வாழவேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

மென்பொருள் சோதனையாளர் எழுதியது:

அம்மா, நானும் திருகோணமலையைச் சேர்ந்தவள். மென்பொருளின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் மாமியார் கேட்ட கேள்வியை என் அப்பம்மாவும் கேட்டார், ஆகவே உங்கள் வீட்டின் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

முதலில் இரவு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் வேலை நேரம் பெரும்பாலும் அந்த வாடிக்கையாளர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. லண்டனுக்கும் நமக்கும் கோடையில் 4½ மணித்தியாலமும் குளிர்காலத்தில் 5½ மணித்தியாலமும் வித்தியாசம். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. வழக்கமான பகல் வேலையோடு அது ஒத்துப்போகும். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்பது நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை என்பதால், அப்படிப்பட்ட குழுக்களில் கூட்டங்கள் இரவில் நடக்கும். வேலைக்குச் சேரும்போதே எந்த நாட்டு வாடிக்கையாளர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் இந்தப் பயத்தில் பாதி நீங்கிவிடும். உள்நாட்டு வங்கிகளுக்கும் அரச திணைக்களங்களுக்கும் மென்பொருள் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

கொழும்பைப் பற்றி உங்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்லமாட்டேன். படிப்பின்போது வரும் தொழிற்பயிற்சிக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கும் அவள் அங்கே இருப்பதே நல்லது, ஏனென்றால் இந்த வேலையில் பாதியை அனுபவமுள்ளவரின் பக்கத்தில் அமர்ந்துதான் கற்கிறோம். நான் பயிற்சிக்குப் போனபோது எனக்குக் கிடைத்த கொடுப்பனவு வெள்ளவத்தைப் போடிங் வாடகைக்கே போதவில்லை. என்னோடு படித்த இரண்டு தோழிகள், என்னைவிடத் திறமையாகக் கணினி நிரல் எழுதக்கூடியவர்கள், அந்த ஆறு மாதச் செலவைத் தாங்க முடியாத காரணத்தால் ஊரில் வேறு இடத்தில் பெயருக்குப் பயிற்சியை முடித்தார்கள். இன்று இருவரும் இத்துறையில் இல்லை. பெண்பிள்ளைகளை ஊக்குவிக்க வேண்டும் என்று மேடைகளில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு மாத வாடகைதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டுப் பணத்தில் முழுவதையும் தொடவேண்டாம். மடிக்கணினிக்கும் அந்த ஆறு மாதத்துக்கும் மட்டும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

கடைசிவரை கொழும்பிலா என்று கேட்டீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டுக்கு வந்த நான் இன்றுவரை இங்கிருந்தே வேலை செய்கிறேன். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் போனபோதும், இணையக் கருவிக்கு ஒரு பற்றரி வாங்கி வைத்துச் சமாளித்தேன்.

வீட்டிலிருந்து பெண்கள் மென்பொருள் செய்வது புதிய செய்தியும் இல்லை. ஸ்டெபனி ஷெர்லி என்ற பெண்மணி, நாஜிகளிடமிருந்து தப்பி 1939 இல் ஐந்து வயது அகதிக் குழந்தையாகப் பிரித்தானியாவுக்கு ரயிலில் அனுப்பப்பட்டவர். 1962 இல் ஆறு பவுண் முதலோடு, பிள்ளை பெற்றதால் வேலையை விட்ட பெண்களைத் திரட்டி மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் ஸ்டீவ் என்று கையெழுத்திட்டார். முதல் முந்நூறு பேரில் மூவர் மட்டுமே ஆண்கள். அந்தப் பெண்கள் தங்கள் வீட்டிலிருந்து பென்சிலால் தாளில் எழுதிய நிரல்களில் கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கானதும் ஒன்று. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து படித்தவர்களின் பிள்ளைகளான நமக்கு இந்தக் கதை வேறு எவரையும்விட நெருக்கமானது என்று நான் எப்போதும் நினைப்பேன்.

மூதூர் ஆசிரியர் எழுதியது:

சகோதரி சோதனையாளர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வீட்டிலிருந்து வேலை என்பதைப் பெற்றோரிடம் முதற்காரணமாக முன்வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதைக் கேட்கும் குடும்பங்கள், பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போகவே தேவையில்லை என்று விளங்கிக்கொள்கின்றன. முதல் நாளிலிருந்தே வீட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சமையலும் தம்பியின் பாடமும் வேலை நேரத்துக்குள் வந்துவிடும். குழுத்தலைவர் பதவி அலுவலகத்தில் கண்முன் இருப்பவருக்குப் போய்விடும்.

நான் கலவன் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்பிக்கிறேன். எங்கள் கணினி அறையில் ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். எவரும் சொல்லாமலே ஆண்பிள்ளை விசைப்பலகைக்கு முன்னாலும் பெண்பிள்ளை கொப்பியோடு அருகிலும் அமர்வதைப் பல ஆண்டுகள் நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். பரீட்சையில் பெண்பிள்ளைகள் கூடுதலாகப் புள்ளி எடுப்பார்கள், ஆனால் பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்றை இயக்கிக் காட்டச் சொன்னால் கை நடுங்கும். இதைக் கண்டபின் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயமாக இடம் மாற்றி அமரவைத்தேன். இரண்டாம் தவணை முடிவதற்குள், பிழைச் செய்தி வந்தால் என்னைக் கூப்பிடாமல் தாங்களே வாசித்துத் திருத்தும் பெண்பிள்ளைகள் ஐவர் இருந்தார்கள். அம்மா, உங்கள் மகளுக்கு வீட்டில் தம்பி இருந்தால், மடிக்கணினி அவளுடையது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதைச் சிறிய விடயமாக நினைக்கவேண்டாம்.

விண்ணப்பத்தைப் பற்றியும் ஒன்று. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமையின்படியும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் ஒதுக்கப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியது, நமது மாவட்டமும் அவற்றில் ஒன்று. ஆகவே மொரட்டுவை, கொழும்பு ஆகியவற்றையும் துணிந்து மேலே இடட்டும். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நமது திருகோணமலை வளாகத்திலும் கணினி விஞ்ஞானம் இருக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால்கூட, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டத்தை ஊரிலிருந்தே படிக்கலாம். விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில் என்பதால், காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலம் பேசிப் பழகுவதற்குக் கொடுங்கள்.

நிலாவெளித் தந்தை எழுதியது:

நான் கடற்றொழில் செய்பவன். என் மகள் தகவல் தொழினுட்பத்தில் உயர் தேசிய டிப்ளோமா முடித்துக் கொழும்பில் வேலை செய்கிறாள். அவளுக்கென்று கட்டிய வீடு மூன்று ஆண்டுகளாகக் கூரையில்லாமல் நின்றது. இப்போது அவள் அனுப்பும் காசில் கூரை ஏறுகிறது. ஓட்டின் நிறத்தைக்கூட அவளே தெரிவு செய்தாள்.

உவர்மலைத் தாய் எழுதியது:

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் மகளைக் கொண்டு கணவருக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆறு மாத வாடகைக் கணக்கைக் கேட்டதும் கணவர் தாளில் எழுதிப் பார்த்தார், அவ்வளவுதானா என்றார். மாமியார் இன்னும் முழுமையாக இணங்கவில்லை, ஆனால் நிலாவெளி ஐயாவின் கூரைக் கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். விண்ணப்பத்தில் கணினி விஞ்ஞானமே முதலில் இடப்படும். ஒரு கேள்வி மட்டும்: மடிக்கணினி வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

மென்பொருள் சோதனையாளர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி அம்மா. ராம் எனப்படும் நினைவகம் 16 ஜிபி இருந்தால் நல்லது. 8 ஜிபி தான் கட்டுப்படியாகும் என்றால், பின்னர் கூட்டக்கூடிய வகையா என்று கடையில் கேளுங்கள். கோப்புகளை வைக்கும் சேமிப்பகம், வேகமாக இயங்கும் எஸ்எஸ்டி வகையாக இருக்கட்டும். வாங்கப் போகும்போது மகளையும் அழைத்துச் சென்று, கடைக்காரரிடம் அவளே பேசட்டும்.