ஃபயர்வால் மூடியிருந்தும் உள்ளே வந்த மைனர்

குமுளியிலிருந்து:

இங்கே ஒரு ஏலக்காய் வியாபாரியின் சர்வர். அமைத்துக்கொடுத்தவர் வேறொருவர், பராமரிப்பு மட்டும் என் தலையில். புற்றடியில் ஏலம் நடக்கிற நாள், லாட் எடுத்த கையோடு பில் போட்டாக வேண்டும், பில் போடும் வெப் பக்கமோ திறக்கவே மாட்டேன் என்கிறது. முதலாளி போனில், "தம்பி, வண்டி நிக்குது, பில்லு வரலை."

எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சிபியூ முழுவதையும் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்ற பிராசஸ் தின்றுகொண்டிருக்கிறது. கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்று லினக்ஸின் மையமான கர்னலிலேயே நிஜமான ஒன்று உண்டு. கடைசியில் ஒரு 'ஐ' ஒட்டிக்கொண்டு அதே ஜாடையில் உட்கார்ந்திருக்கிறது இந்தக் கிரிப்டோ மைனர், அதாவது அடுத்தவர் சர்வரில் திருட்டுத்தனமாக டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் புரோகிராம். கில் அடித்து நிறுத்தினால் போகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது, ஏனென்றால் கின்சிங் என்ற இன்னொன்று பக்கத்திலேயே இருந்து அதை எழுப்பிவிடுகிறது. என் கண்ணில் பட்டது யூசர் பத்திதான். பெயர் இல்லை, வெறும் 999. சர்வரில் அப்படி ஒரு யூசரே கிடையாது. அப்படியானால் ஏதோ கண்டெய்னருக்குள், அதாவது சர்வருக்குள்ளேயே தனியாகப் பிரித்து வைத்த பெட்டிக்குள், ஓடுகிறது. இந்தப் பெட்டிகளை ஓட்டுவது டாக்கர், அதில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் இமேஜ் (தயார் பொட்டலம்) ஓடுவது அந்த எண்ணில்தான்.

ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவின் ஸ்டேட்டஸ் படு சுத்தம், வெளியிலிருந்து வரும் வாசல்களான போர்ட்டுகளில் 22, 80, 443 மட்டும் திறப்பு. ஆனால் டாக்கர் ஒரு போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால், அதாவது வெளியே திறந்துவிட்டால், பாக்கெட்டுகளை வடிகட்டும் ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், வருகிற பாக்கெட் யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கிற பக்கம் வராமலே கண்டெய்னருக்குப் போய்விடும். ரெடிஸின் போர்ட்டான 6379 ஊருக்கே திறந்து கிடந்தது. பாஸ்வேர்டு இல்லாத ரெடிஸ் வெளியாளுக்குப் பதில் சொல்லாமலிருக்க புரொடெக்டட் மோட் என்று ஒன்று உண்டு, அந்த இமேஜில் அதுவும் அணைந்தே வருகிறது. யார் யோசித்தார்களோ.

கண்டெய்னர் அமைப்பை எழுதி வைக்கும் கம்போஸ் ஃபைலில் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (அந்த மெஷினுக்குள் மட்டும்) சேர்த்து, ரெடிஸுக்குப் பாஸ்வேர்டு வைத்து, அன்றிரவே எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றிவிட்டேன். ஆள் புகுந்த பழைய சர்வரைக் கழுவி வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அப்புறம் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் என்மேப்பை மொபைல் டேட்டாவிலிருந்து அடித்துப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்துகொண்டு ஸ்டேட்டஸ் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு இதே கூத்து எஸ்எஸ்ஹெச்சில், அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் ஆகும் வழியில். வாளையார் பக்கம் ஒரு லாரி ஆபீஸ், பாஸ்வேர்டு லாகினை அணைத்தாச்சு, இனி கீ மட்டும்தான் என்று அங்கிருந்த பையன் சத்தியம் செய்தான். லாகின் முயற்சிகள் பதிவாகும் ஆத் லாக்கைத் திறந்தால் ரூட், அட்மின், ஆரக்கிள் என்று வரிசையாக 'ஃபெய்ல்டு பாஸ்வேர்டு'. அணைத்திருந்தால் அந்த வரியே வரக்கூடாதே! உபுண்டுவில் மெயின் கான்ஃபிக் முதலில் இன்னொரு ஃபோல்டரிலிருக்கும் ஃபைல்களை இழுக்கிறது, அங்கே 50 என்று தொடங்கும், சர்வரை முதல்முறை அமைக்கிற கிளவுட்-இனிட் போட்ட ஃபைலில் பாஸ்வேர்டு 'யெஸ்'. முதலில் படிப்பதுதான் எஸ்எஸ்ஹெச் சர்வரான எஸ்எஸ்ஹெச்டிக்குச் செல்லும், பையன் கீழே எழுதிய 'நோ' செல்லாது. கேப்பிடல் டி போட்டு எஸ்எஸ்ஹெச்டியை ஓட்டினால் நிஜத்தில் எது அமலில் இருக்கிறது என்று காட்டிவிடும். மாற்றும்போது பழைய செஷனை மூடாமல், வேறு டெர்மினலில் லாகின் ஆகிறதா என்று பாருங்கள்.

ஆமா, சர்வரோட இன்னொரு வகை முகவரியான ஐபிவி6-க்கும் என்மேப் அடிச்சுப் பார்த்தீங்களா அண்ணே?