தண்டையார்பேட்டை வீடு: நாமளே விக்கலாமா, புரோக்கர்கிட்ட விடலாமா?

நடுப்பிள்ளை:
தண்டையார்பேட்டையில அப்பா வாங்கின வீடு. 640 சதுர அடி மனை, கீழ ஒரு போர்ஷன், மேல ஒண்ணு. ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரு ஒட்டியே இருக்கும். அப்பா 2014ல தவறிட்டாரு. அம்மா மட்டும் இருக்காங்க, மாடி ஏற முடியல. நான் ஓசூர்ல, அண்ணன் பெரம்பூர், தங்கச்சி திருநின்றவூர். வித்துட்டு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஃபிளாட் பாக்கலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. தெருமுனை டீக்கடை புரோக்கர் "90 லட்சத்துக்கு முடிச்சுத் தரேன், ரெண்டு பர்சென்ட் குடுங்க"ன்றாரு. 1,80,000 ரூபா ஆகுது. அண்ணன் "அந்தக் காசு எதுக்கு வீணா? நாமளே ஆன்லைன்ல போடலாம்"ன்றாரு. தங்கச்சி புரோக்கர் கட்சி. நம்ம பக்கம் சமீபத்துல வித்தவங்க சொல்லுங்க.

கல்மண்டபத்தான்:
நீங்களே வில்லுங்க தம்பி. ரெண்டு பர்சென்ட் உங்ககிட்ட, ரெண்டு பர்சென்ட் வாங்குறவன்கிட்ட. அதே வீட்டுக்கு அவருக்கு 3,60,000. அப்ப அவரு யாரு கட்சி? உங்க கட்சியும் இல்ல, அவன் கட்சியும் இல்ல, சீக்கிரம் முடியணும்ன்ற கட்சி. கணக்கு போட்டுப் பாருங்க. அவரு இன்னும் ஒரு மாசம் அலைஞ்சு உங்களுக்கு ரெண்டு லட்சம் கூட வாங்கித் தந்தா அவருக்கு உங்ககிட்டேர்ந்து கூடுதலா வர்றது நாலாயிரம். நாலாயிரத்துக்கு எவன் அலைவான்? "சார், இந்தப் பார்ட்டியை விட்டா வேற கிடைக்காது"ன்னுதான் வரும்.

டைரி புரோக்கர்:
ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் பல வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், அதனால என் கட்சி எதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும். கல்மண்டபத்தார் கணக்கு தப்பில்ல. ஆனா அவர் விட்ட கணக்கு ஒண்ணு இருக்கு. அம்மா தனியா இருக்கிற வீடு. ஆன்லைன்ல போன் நம்பரோட போட்டீங்கன்னா முதல் வாரம் வர்ற போன்ல பாதிக்கு மேல எங்க ஆளுங்கதான், "பார்ட்டி"ன்னு சொல்லிக்கிட்டு. மீதியில பாதி சும்மா விலை தெரிஞ்சுக்கறவங்க. இவங்க எல்லாருக்கும் கதவைத் திறந்து பீரோ இருக்கிற ரூம் வரைக்கும் காட்டப்போறது யாரு? ஓசூர்லேர்ந்து நீங்களா?

இன்னொண்ணு. நம்ம பக்கம் வாங்குறவங்க எல்லாரும் போன்ல தேடுறவங்க இல்ல. சௌகார்பேட்டை வியாபாரி கீழ குடோன், மேல குடித்தனம்னு தேடுவாரு. எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர் வேலையாளுங்களைத் தங்கவைக்க இடம் பாப்பாரு. அவங்க எங்க டைரியிலதான் இருக்காங்க.

வியாசை:
டைரியில இருக்கிறவங்க எல்லாம் 2015லேயே வாங்கிட்டுப் போயிருப்பாங்க அண்ணே.

எர்ணாவூர் அக்கா:
நான் போன வருஷம் புரோக்கர் இல்லாம வித்தேன். தம்பி, முதல்ல ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும், எதிர் வீட்லயும், அப்புறம் முதுகு ஒட்டின வீட்லயும் வாய்விட்டுச் சொல்லுங்க. 640 சதுர அடி தனியா ஒருத்தனுக்குச் சின்ன மனை. அதே ஒட்டுச்சுவர்க்காரருக்கு ரெண்டு மனை சேந்தா முகப்பு அகலமாகும், இடிச்சுட்டுப் புதுசா கட்ட முடியும். வெளியாள் தர்றதைவிட அவரு கூடத் தருவாரு. என் வீட்டை வாங்கினதும் பக்கத்து வீட்டு அண்ணன்தான். பத்து அடி தள்ளி இருக்கிறவரைக் கூட்டிட்டு வர புரோக்கருக்கு எதுக்குக் காசு?

டைரி புரோக்கர்:
அக்கா சொல்றது நியாயம். ஆனா பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்க வீட்டு நிலைமை முழுசா தெரியும். அம்மாவுக்கு முடியல, பிள்ளைங்க அவசரத்துல இருக்காங்கன்னு தெரியும். அவரு 80லேர்ந்து ஏறவே மாட்டாரு. நடுவுல ஒரு மூணாவது ஆள் பேசினா "வேற பார்ட்டி 88 சொல்லிட்டான்"னு சொல்லலாம். அதை நீங்களே சொன்னா அவரு சிரிப்பாரு.

கல்மண்டபத்தான்:
இல்லாத பார்ட்டியை இருக்குன்னு சொல்றதுக்கா ரெண்டு பர்சென்ட்?

நடுப்பிள்ளை:
அந்தப் புரோக்கர் இன்னொரு வழியும் சொன்னாரு. "கமிஷனே வேண்டாம், உங்க கைக்கு 85 நெட். மேல வர்றது என்னோடது." அண்ணனுக்கு இது பிடிச்சிருக்கு. எப்படிங்க இது?

கல்மண்டபத்தான்:
வேண்டவே வேண்டாம்.

எர்ணாவூர் அக்கா:
வேண்டாம் தம்பி.

டைரி புரோக்கர்:
இதுல நானும் அவங்க பக்கம்தான். நெட் ரேட்டு நான் பண்றதில்ல.

பத்திர ரைட்டர்:
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர். மூவரும் வேண்டாம் என்கிறீர்கள், காரணத்தை நான் சொல்கிறேன். வாங்குபவர் 93 தருகிறார் என்று வையுங்கள். பத்திரத்தில் 93 எழுதினால் வருமான வரித்துறைக்கு உங்கள் குடும்பம் 93 லட்சத்துக்கு விற்றதாகத்தான் கணக்கு. கையில் வந்தது 85, மூலதன ஆதாய வரி, அதாவது சொத்து விற்ற லாபத்துக்கான வரி, 93ஐ வைத்து. பத்திரத்தில் 85 எழுதிவிட்டு மீதி எட்டைப் புரோக்கர் ரொக்கமாக வாங்கிக்கொண்டால் அது கறுப்பு. நாளைக்கு விசாரணை வந்தால் விற்றவர் பெயர்தான் பத்திரத்தில் இருக்கும்.

ரொக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. 90 லட்சத்துக்கு 8,10,000 ரூபாய். அதனால்தான் "பத்திரத்துல குறைச்சுப் போட்டுக்கலாம், மீதி கையில தந்துடறேன்" என்பார்கள். வீடு, மனை விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம், அதுவும் ரொக்கம் வாங்கியவருக்கு. அதாவது உங்களுக்கு. டோக்கன் அட்வான்ஸ் உட்பட எல்லாம் வங்கி வழியாகவே வரட்டும்.

வியாசை:
ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் வாங்கின ஏஜென்ட்டா பாத்துப் பிடிச்சா பாதுகாப்புதானே? சட்டமே இருக்கே.

பத்திர ரைட்டர்:
2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏஜென்ட் பதிவைக் கேட்பது, அந்தச் சட்டத்தின்கீழ் பதிவான புதுத் திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தருபவர்களிடம். தண்டையார்பேட்டை சந்தில் இருக்கும் பழைய தனி வீட்டின் மறுவிற்பனை அதற்குள் வராது. நம்பர் இருந்தால் நல்லது, ஆனால் இந்த வீட்டு விஷயத்தில் அதைக் காட்டி அவரிடம் பெரிதாக எதுவும் கேட்க முடியாது. நீங்களே எழுதி வாங்கிக்கொள்ளும் தாள்தான் பேசும்: எத்தனை சதவீதம், எப்போது தரவேண்டும், எத்தனை மாதம் செல்லும், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் கமிஷன் உண்டா இல்லையா.

எர்ணாவூர் அக்கா:
கமிஷனை அட்வான்ஸ் அன்னிக்கே பாதி கேப்பாங்க. பதிவு முடிஞ்ச அன்னிக்குத்தான்னு முதல்லயே சொல்லிடுங்க. கிரய ஒப்பந்தம் போடும்போதும் ஜாக்கிரதை. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்லேர்ந்து ஒப்பந்தத்தையும் பதிவு பண்ணணும். பதிவு பண்ணா வில்லங்கச் சான்றுல, அதான் சொத்து மேல பதிவானதையெல்லாம் காட்டுற தாள்ல, அது ஏறிடும். என் தோழி வீட்ல ஒரு பார்ட்டி ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்து ஒப்பந்தம் போட்டுட்டு லோன் கிடைக்கலன்னு காணாம போயிட்டான். ரத்துப் பத்திரம் போட அவனும் வந்து கையெழுத்துப் போடணும். வரவே இல்ல. அடுத்து வந்த பார்ட்டியோட பேங்க் வக்கீல் வில்லங்கத்தைப் பாத்துட்டு ஃபைலைத் திருப்பிட்டாரு. அந்தப் பார்ட்டியைக் கொண்டுவந்தது யாருன்னு கேளுங்க, புரோக்கர்தான். அவரும் போனை எடுக்கல.

டைரி புரோக்கர்:
ஒருத்தர் போனை எடுக்கலன்னா தொழிலே தப்பாயிடுமா அக்கா? லோன் பார்ட்டின்னா பேங்க் லெட்டர் பாத்துட்டுத்தான் நான் ஒப்பந்தத்துக்கே உக்கார வைப்பேன். தானா விக்கறவங்களுக்கு அப்படிக் கேக்கணும்னே தோணாது. பேங்க்காரன் பழைய கட்டடத்துக்கு மதிப்பே போட மாட்டான். மனைக்குத்தான் போடுவான். 90க்கு வாங்குறவனுக்கு 60 லோன் கிடைச்சா மீதி 30 அவன்கிட்ட இருக்கான்னு யாரு விசாரிக்கிறது?

கல்மண்டபத்தான்:
விசாரிக்கத்தான் வாய் இருக்கே. 90ன்றதே எங்கேர்ந்து வந்துச்சு? பதிவுத்துறை தளத்துல தெரு பேரு போட்டா வழிகாட்டி மதிப்பு, அதான் அரசு வச்ச விலை, தெரியும். அது அடிமட்டம். அதே தெருவுல சமீபத்துல யாரு வித்தாங்கன்னு அம்மாவுக்கே தெரிஞ்சிருக்கும். தெருவுல கேட்டா நிஜமான விலை வரும், புரோக்கர் சொல்ற "மெட்ரோ விலை" வராது. 2021ல விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததுலேர்ந்து லாரி நுழையாத சந்து வீட்டைக் கூட "மெட்ரோ பக்கம்"னு விக்கிறாங்க.

வியாசை:
2023 மிக்ஜாம் புயல்ல தண்ணி நின்ன தெருவை மட்டும் யாரும் எதுக்கும் பக்கம்னு சொல்ல மாட்டேங்குறாங்க.

பத்திர ரைட்டர்:
இத்தனை பேர் பேசியும் ஒரு கேள்வி யாரும் கேட்கவில்லை. தம்பி, 2014இல் அப்பா காலமானபோது அவருடைய அம்மா, உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா? அப்பா உயில் எழுதினாரா?

நடுப்பிள்ளை:
உயில் எதுவும் இல்லைங்க. பாட்டி இருந்தாங்க. 2016ல தவறிட்டாங்க. ஏன் கேக்குறீங்க?

பத்திர ரைட்டர்:
வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டி பெயரும் இருக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு தாயும் முதல் வரிசை வாரிசு. அப்பா சொந்தமாக வாங்கிய வீடு, ஆகவே ஐந்து சம பங்கு: பாட்டி, உங்கள் அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை. பாட்டியும் உயில் இல்லாமல் போனால் அவருடைய ஐந்தில் ஒன்று அவருடைய பிள்ளைகளுக்கு. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா? தாத்தா?

நடுப்பிள்ளை:
தாத்தா அப்பாவுக்கு முன்னாடியே போயிட்டாரு. ஒரு அத்தை கொருக்குப்பேட்டையில, ஒரு சித்தப்பா மாதவரத்துல.

பத்திர ரைட்டர்:
அப்படியென்றால் பாட்டி பங்கு மூன்றாகப் பிரியும். அத்தைக்குப் பதினைந்தில் ஒன்று, சித்தப்பாவுக்குப் பதினைந்தில் ஒன்று. உங்கள் அப்பாவின் கிளைக்கு வரவேண்டியது அவர் பிள்ளைகளான உங்கள் மூவருக்கு. அத்தையும் சித்தப்பாவும் கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுத்து முன்பே விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 90 லட்சத்தில் ஒருவர் பங்கு 6 லட்சம்.

வியாசை:
இன்னா சார், ஒரே போடா போட்டுட்டீங்க!

கல்மண்டபத்தான்:
இதையும் பாருங்க தம்பி. ரெண்டு பர்சென்ட் கேக்குற டீக்கடைக்காரர் இதைக் கேட்டாரா? கேக்கல. 90க்கு முடிக்கிறேன்னு மட்டும் சொன்னாரு.

டைரி புரோக்கர்:
ஆன்லைன்ல போடலாம்னு சொன்ன அண்ணனும்தான் கேக்கல. நான் பேப்பரைப் பாக்காம டைரியில எழுதவே மாட்டேன். மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, சொத்துவரி ரசீது, வாரிசுச் சான்று. எல்லாரும் அப்படியில்ல, அதை ஒத்துக்கிறேன்.

எர்ணாவூர் அக்கா:
இது வக்கீல் வேலை. வக்கீலுக்குத் தனியா காசு குடுங்க, அதுல மிச்சம் பாக்காதீங்க. அத்தைகிட்ட அம்மாவே நேர்ல போய்ப் பேசட்டும். போன்ல வேண்டாம், புரோக்கரை அனுப்பவே கூடாது. பங்கு தரப்போறீங்களா, இல்ல அவங்க விட்டுக்குடுப்பாங்களான்றது குடும்பத்துக்குள்ள முடியணும். பட்டா இன்னும் அப்பா பேர்ல இருந்தா அதையும் மாத்த மனு போட்டுடுங்க.

பத்திர ரைட்டர்:
கிரயம் 50 லட்சமோ மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்தம் செய்து கட்டுவார். "ஒவ்வொருவர் பங்கும் 50க்குக் கீழே, பிடிக்க வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2024 அக்டோபரிலிருந்து எல்லார் பங்கையும் சேர்த்துத்தான் கணக்கு. விற்பவர் ஒவ்வொருவரின் பான் எண்ணும் தயாராக இருக்கட்டும். அப்பா எந்த ஆண்டு வாங்கினார்?

நடுப்பிள்ளை:
1986.

பத்திர ரைட்டர்:
அப்படியானால் மூலதன ஆதாய வரிக்கு 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. பணவீக்கக் கணக்கோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்கு இந்த வாய்ப்பு உண்டு. ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

நடுப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "உங்க அத்தை கேக்க மாட்டா, ஆனா கேக்காம விட்டா மறக்கவும் மாட்டா"ன்னாங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல போறோம். கையெழுத்து விஷயம் முடியற வரைக்கும் ஆன்லைனும் இல்ல, புரோக்கரும் இல்ல. முடிஞ்சதும் முதல்ல ஒட்டுச்சுவர் வீட்ல கேப்போம். அவரு எடுத்துக்கலன்னா ரெண்டு புரோக்கர்கிட்ட ஒரு பர்சென்ட்டுன்னு எழுதிக் குடுத்துப் பாக்கலாம்னு இருக்கோம்.

கல்மண்டபத்தான்:
அந்த ஒண்ணும் எதுக்குன்னுதான் கேக்குறேன். வாசல்ல ஒரு போர்டு, அண்ணன் நம்பர். பெரம்பூர்லேர்ந்து ஞாயித்துக்கிழமை வந்து காட்டிட்டுப் போகட்டும்.

டைரி புரோக்கர்:
போர்டு மாட்டின அன்னிக்கே எங்க ஆளுங்க எல்லார் போன்லயும் அந்த நம்பர் ஏறிடும், பாத்துக்குங்க. தம்பி, ஒட்டுச்சுவர்க்காரர் எடுத்துக்கிட்டா எனக்கு ஒரு பைசா வேண்டாம், சந்தோஷம். அவரு 82க்கு மேல ஏறலைன்னா கூப்பிடுங்க. ஒண்ணரைன்னா வரேன். ஒண்ணுக்கு வர மாட்டேன்.