வாக்குவம் கிளீனர்: வாங்கியதற்கு அப்புறம் எவ்வளவு ஆச்சு?

மேடவாக்கம், சென்னை:

எங்கள் வீட்டு லாஃப்டில் ஒரு வாக்குவம் கிளீனர் மூன்று வருடமாகத் தூங்குகிறது. 9,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது கீழே இறக்கினேன். மறுபடி மேலே ஏற்றுவதா, எடைக்குப் போடுவதா என்று முடிவெடுக்கும் முன் உங்களிடம் கேட்கிறேன்.

வாங்கின கதை உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். டெமோ காட்ட ஒரு தம்பி வந்தார். குழாயின் வாயில் கறுப்புத் துணியைக் கட்டி, மெத்தையில் பத்து விநாடி ஓட்டி, துணியைப் பிரித்துக் காட்டினார். நடுவில் மாவு சலித்த மாதிரி வெள்ளை வட்டம். "இதுலயா இத்தனை நாள் படுத்திருந்தோம்?" என்று மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். அந்த வட்டத்துக்குத்தான் பணம் கட்டினேன். யார் வீட்டு மெத்தையிலும் அந்த வட்டம் வரும் என்பது பிறகுதான் உறைத்தது.

அப்போது என் கவலையெல்லாம் கரண்ட் பில். மெஷின் 1400 வாட். வாரம் இரண்டு முறை, முறைக்கு இருபது நிமிடம் என்று ஓட்டினேன். கணக்குப் போட்டால் இரண்டு மாதத்துக்கு எட்டு யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் ஐம்பது ரூபாய்கூட ஆகாது. பில் 500 யூனிட் பக்கம் நிற்கிற வீடு என்றால் ஸ்லாப் தாண்டுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

என் காலை வாரியது ஃபில்டர். கழுவினால் 24 மணி நேரம் உலர வைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நவம்பர் மழையில் சென்னையில் எது 24 மணி நேரத்தில் உலர்கிறது? அரை ஈரத்தோடு மாட்டினேன். அடுத்த முறை ஆன் செய்ததும் ஹால் முழுக்க நனைந்த சாக்கு வாடை. புது ஃபில்டர் 650 ரூபாய், வர மூன்று வாரம். அதற்குள் குழாயில் கீறல் விழுந்துவிட்டது. குழாய்க்கு 1,100 கேட்டார்கள். அன்று லாஃப்டுக்குப் போனதுதான்.

மெஷின் விலையை விடுங்கள். வாங்கிய பிறகு உங்களுக்கு எதில் எவ்வளவு போனது?

கோயம்புத்தூர்:

சார், என் அனுபவம் முழுக்க என் தப்புதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். எங்களுடையது தண்ணீரும் உறிஞ்சுகிற டிரம் மாடல். பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டினார்கள், எங்கள் மாடி முழுக்க சிமென்ட் பவுடர். பை மாட்டாமல் அப்படியே உறிஞ்சினேன். பத்து நிமிடத்தில் தானாக நின்றது. கால் மணி நேரம் ஆறவிட்டேன், ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி ஆறவிட்டேன். சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது நிற்கிறது என்று தெரியாமல் மூன்று நாள் இதே விளையாட்டு. நான்காம் நாள் உள்ளே நீலமாகப் பொறி பறந்தது.

சர்வீஸ் சென்டரில் மோட்டாரையே மாற்ற வேண்டும், 3,800 என்றார்கள். நம்ம ஊரில் பம்ப்பும் மோட்டாருமாகத்தானே பிழைப்பு, தெருமுனையில் காயில் கட்டுகிற அண்ணனிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தவர் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தேய்ந்துபோன இரண்டு கரித் துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தார். கார்பன் பிரஷ், மோட்டாரில் சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுப்பது. ஜோடி 150, கூலி 300. இப்போது இரண்டாவது வருடம் ஓடுகிறது.

சில மாடல்களில் உறிஞ்சி உள்ளே வரும் காற்றுதான் மோட்டாரைக் குளிரவும் வைக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். ஃபில்டர் அடைத்தால் தூசியும் வராது, குளிர்ச்சியும் வராது. தண்ணீர் உறிஞ்சும்போது துணி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சை மாட்ட வேண்டும், அதையும் பலர் மறக்கிறார்கள். அப்புறம் இன்னொன்று: 1400 வாட் என்றால் கிட்டத்தட்ட ஆறு ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஓட்டாதீர்கள். எங்களுடையதில் பின் துவாரம் பழுப்பாகி உருகியிருந்தது. 15 ஆம்பியர் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஓட்டுங்கள்.

பெங்களூர்:

நான் ஒயரே வேண்டாம் என்று ஸ்டிக் மாடல் வாங்கினேன், 19,000. கையில் எடுத்தால் துடைப்பம் மாதிரி இருக்கிறது. அதனால்தான் தினமும் எடுக்கிறேன், அந்த வகையில் காசுக்கு மோசமில்லை. கரண்ட் செலவு என்று ஒன்றைச் சொல்லவே வேண்டாம். பேட்டரி முழுதாக நிரம்ப ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஆனால் பேட்டரிக்கு ஆயுசு உண்டு. முதல் வருடம் சாதாரண வேகத்தில் 35 நிமிடம் ஓடியது. இரண்டரை வருடத்தில் 12 நிமிடம். மேக்ஸ் பட்டனை அழுத்தினால் சோபாவைத் தாண்டாது. புது பேட்டரி 4,800. முப்பது மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள், மாதம் 160 ரூபாய் பேட்டரிக்கே போயிருக்கிறது. பாதி விலைக்குக் கிடைத்த வேறு பேட்டரி ஒன்றைப் போட்டேன். சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத சூடு. உள்ளே ஏழு லித்தியம் செல் இருக்கிறது, விளையாட வேண்டாம் என்று அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடையில் நான் கேட்காமல் விட்ட கேள்வி, பேட்டரியை நாமே கழற்றி மாட்ட முடியுமா என்பது. என்னுடையதில் முடிகிறது, வெறும் அதிர்ஷ்டம். தங்கை வாங்கியதில் பேட்டரி உடம்போடு சேர்ந்தே இருக்கிறது. தீர்ந்தால் மெஷினும் தீர்ந்தது.

டோர்ட்முண்ட், ஜெர்மனி:

வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனி. ஊரில் தும்புத்தடியால் கூட்டுவம், இங்கே வீடு முழுக்கக் கம்பளம். அதனால் இந்த மெஷின் இல்லாமல் ஒரு கிழமை ஓடாது.

கூட வாட் இருந்தால் கூட இழுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தன். என்ரை பழையது 2000 வாட். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பரில் 1600 வாட்டுக்கு மேல் விற்கக் கூடாது என்றார்கள், 2017 செப்டம்பரில் அதை 900 ஆக்கினார்கள். சத்தமும் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. 900 வாட் என்னத்தை இழுக்கப் போகுது என்று மனுசன் பழைய சரக்கில் ஒன்றை வாங்கி வைப்பம் என்று நிண்டார். கடைசியில் வாங்கினது 700 வாட். கம்பளத்தில் பழையதை விட நல்லாய் இழுக்குது. வாட் என்பது அது தின்னுகிற கரண்ட், இழுவை வேறை. வாயும் மூட்டுகளும் காற்று ஒழுகாமல் பொருந்தியிருந்தால் சின்ன மோட்டார் போதும்.

செலவு? கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போட்டால் வருசத்துக்கு 36 யூனிட் வரும், யூனிட் 35 சென்ட் கணக்கில் 13 யூரோவுக்குள். தூசிப் பைதான் கூட. நாலு பை 15 யூரோ, வருசத்துக்கு ஆறு பை முடியும். பை இல்லாத மெஷினைப் பக்கத்து வீட்டு அக்கா வைத்திருக்கிறா, அவவுக்கு அந்தச் செலவில்லை. ஆனால் டப்பாவைக் குப்பையில் தட்டும்போது பாதித் தூசி திரும்ப முகத்துக்கு வருது. மகனுக்கு மூச்சிழுப்பு இருக்கிறபடியால் நான் பையை மூடி அப்படியே எறியிறன். அந்த 22 யூரோ எனக்கு நட்டமில்லை.

திருச்சி:

எங்கள் வீட்டில் ரோபோ. அதைப் பார்த்த அன்றைக்கு வீட்டு வேலைக்கு வரும் அக்கா, "நாளையிலேருந்து நான் வர வேணாமாம்மா?" என்று கேட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் பயப்பட வேண்டியதே இல்லை. பழைய வீடு, ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அது முட்டி முட்டித் திரும்புகிறது. பூஜை அறை வாசலில் மாமியார் போட்ட மாக்கோலத்தை ஒரு நாள் துடைத்தெடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி சார்ஜருக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கிரைண்டர் இடுக்கெல்லாம் இன்னும் அக்காதான். வாரம் ஒருமுறை ரோபோவின் உருளையில் சுற்றிய முடியைக் கத்தரித்து எடுப்பதும் அவர்தான்!

பிரஷ், ஃபில்டர், துடைக்கும் துணி என்று வருடத்துக்கு 1,800 ரூபாய் ஆகிறது. ஒரே தளம், நிலைப்படி இல்லாத ஃபிளாட் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். எங்கள் வீட்டுக்கு நான் அவசரப்பட்டுவிட்டேன்.

ஒரு விஷயம், தூசியைக் கொட்டும் முன் செய்தித்தாளில் பரப்பிப் பாருங்கள். என் மூக்குத்தித் திருகாணி இரண்டு முறை அதில்தான் கிடைத்தது.

மேடவாக்கம்:

எல்லோருக்கும் நன்றி. மெஷினை எடைக்குப் போடவில்லை. என் மாடல் வருவது நின்றுவிட்டது என்று கடையில் சொன்னார்கள், ஆனால் குழாய்க்கு மாடல் முக்கியமில்லையாம், விட்டம்தான் கணக்கு. அளந்தேன், 32 மில்லிமீட்டர். பொதுக் குழாய் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய முனைகளைத் திருகிக் கழற்றி இதில் மாட்டிக்கொண்டேன். ஃபில்டர் இந்த முறை இரண்டாக வாங்கினேன், ஒன்று உலரும்போது இன்னொன்று ஓடும்.

திருச்சி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு, மூன்று வருடமாக உள்ளேயே கிடந்த தூசியைச் செய்தித்தாளில் கொட்டிக் கிளறினேன். இரண்டு ஹேர்பின், ஒரு லெகோ சக்கரம், என் மனைவியின் தோட்டுத் திருகாணி. அது தொலைந்த அன்று வீடு பெருக்கியது நான்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமாம், நான்தான். இந்த மெஷினை வைத்துத்தான்.